நல்ல புரோகிராமர் ஆக மென்டர் கட்டாயம் வேண்டுமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஐந்தாறு பிள்ளைகள் லப்டொப்போடு வருவார்கள். ஒருவர் கிண்ணியாவில் இருந்து, இருவர் நிலாவெளிப் பக்கம், மற்றவர்கள் டவுன். வகுப்பு ஒன்றும் நடப்பதில்லை. ஒருவர் எழுதிய கோட்டை (code, நிரல் வரிகளை) மற்றவர்கள் வாசிப்போம், பிளேன் டீ குடிப்போம், சண்டை பிடிப்போம். புதிதாக யார் வந்தாலும் முதல் மாதத்தில் கேட்கிற கேள்விகள் ஒரே மாதிரி இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். நான் 14 வருடமாக மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவன். அதில் முதல் ஆறு வருடம் தனியே, யாரும் என் கோட்டைப் பார்க்காமல். பதில்களில் அந்த ஆறு வருடத்தின் எரிச்சலும் கொஞ்சம் இருக்கும்.

நேரே சொல்லுங்கள். மென்டர், அதாவது கூட இருந்து வழிகாட்டும் மூத்தவர், இல்லாமல் தேர்ந்த புரோகிராமர் ஆக முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் கோட்டை இன்னொருவர் வாசித்துத் திருத்தாமல் முடியாது.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. மென்டர் என்றதும் எங்கள் பிள்ளைகள் மனதில் வருவது ரியூசன் சேர். நோட்ஸ் தருவார், பாஸ்ட் பேப்பர் செய்விப்பார், இந்த முறை இந்தக் கேள்வி வரும் என்பார். உயர்தரம் வரை அந்த முறையில் வந்த பிள்ளைக்கு, கோடிங்கிலும் அப்படி ஒருவர் கிடைத்தால்தான் தொடங்கலாம் என்ற எண்ணம். அவர் கிடைக்கும் வரை தொடங்காமலே இரண்டு வருடம் போய்விடும். இந்தத் தொழிலில் பாடத்திட்டமும் இல்லை, மாதிரி வினாத்தாளும் இல்லை. கையைப் பிடித்து ஏற்றிவிட ஆள் வேண்டியதில்லை. எழுதியதைப் பார்த்து "இது நாளைக்கு உடையும்" என்று சொல்ல ஆள் வேண்டும். அது ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, உங்களைவிடப் பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்றும் இல்லை.

யாரிடமும் படிக்காமல் பெரிய ஆள் ஆனவர்கள் இருக்கிறார்களே? லினக்ஸ் இயங்குதளத்தை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ்?

ஏகலைவனை இழுக்காமல் இந்தப் பேச்சு தமிழில் நடக்காது. அதற்குப் பதிலாக லினஸ் வருவது நல்லதுதான்.

லினஸ் சின்ன வயதில் தாத்தாவின் கொமடோர் விக்-20 கணினியில் தானாகவே பழகியவர். சரி. ஆனால் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவனாக லினக்ஸை எழுதத் தொடங்கிய நேரம் அவர் முன்னால் மினிக்ஸ் இருந்தது. பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் இயங்குதளம் படிப்பிப்பதற்காகவே எழுதிய சிறிய இயங்குதளம் அது. ஒரு தேர்ந்த ஆள் எப்படி எழுதுகிறார் என்பதை வரி வரியாக வாசிக்க லினஸுக்குக் கிடைத்தது. 1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி மினிக்ஸ் பாவிப்பவர்களுக்கு அவர் போட்ட அறிவித்தலில் என்ன கேட்டார்? மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டார். கோட்டையும் வெளியே விட்டார். அடுத்த ஜனவரியில் டனன்பாமே வந்து உன் வடிவமைப்பு காலாவதியானது என்று சண்டைக்கு நின்றார். லினஸுக்கு மென்டர் இருந்ததாகச் சொல்ல முடியாது. திருத்துகிற ஆட்கள் ஊர்ப்பட்டது இருந்தார்கள்.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். 1970களின் நடுவில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் லயன்ஸ் என்ற ஆசிரியர் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பின் மூலக் கோட்டை அச்சிட்டு, அதற்கு ஒரு விளக்கமும் எழுதி மாணவர்களுக்குக் கொடுத்தார். பிறகு உரிமச் சிக்கலில் அதைப் பரப்ப முடியாமல் போனது. ஆட்கள் விடவில்லை. போட்டோக் கொப்பி, அதன் போட்டோக் கொப்பி, அதற்கும் கொப்பி என்று உலகம் முழுக்க ஓடியது. அனுமதியோடு புத்தகமாக வந்தது 1996 இல்தான். அத்தனை பேருக்கும் லயன்ஸ் நேரில் பாடம் எடுக்கவில்லை. நல்ல கோட்டும், அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற குறிப்பும் கையில் இருந்தால் பாதி மென்டர் வீட்டுக்கு வந்த மாதிரி.

மீதிப் பாதி, உங்களுடைய கோட்டை அவர் பார்ப்பது. அதை எந்தப் புத்தகமும் செய்யாது. ஏகலைவனின் களிமண் சிலையும் அப்படித்தான், வில்லைப் பிழையாகப் பிடித்தாலும் வாய் திறந்திருக்காது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

இரண்டு பெயரை எல்லோரும் சொல்வார்கள். ஒருவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். 1984 இல் அவர் எழுதியதன்படி, ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் படித்த சராசரி மாணவர், சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதமானவர்களைவிட மேலே நின்றார். கேட்க நன்றாக இருக்கும். பின்னால் வந்த ஆய்வுகளில் தனிப்பட்ட கற்பித்தலுக்கு நல்ல பலன் தெரிந்தது, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை. இந்த 98 ஐக் காட்டி யாராவது கோர்ஸ் விற்றால் கவனம்.

மற்றவர் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன். 1993 இல் அவரும் இன்னும் இருவரும் பெர்லினில் வயலின் படிக்கிறவர்களை ஆராய்ந்து எழுதினார்கள். பத்தாயிரம் மணித்தியாலக் கதை அதில் இருந்துதான் கிளம்பியது. ஆனால் வெறுமனே மணித்தியாலத்தை எண்ணினால் போதும் என்று எரிக்சன் சொல்லவில்லை. பலவீனத்தைக் குறி வைத்த பயிற்சி, உடனடித் திருத்தம், அந்தப் பயிற்சியைத் திட்டமிட்டுத் தரும் ஆசிரியர், இவை அவருடைய பேச்சின் மையம்.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். வயலின் உங்கள் பிழையைச் சொல்லாது. பிழையான சுரத்தையும் அதே பணிவோடு வாசித்துவிடும். பக்கத்தில் காது உள்ள ஒருவர் தேவை. புரோகிராமரின் கருவி அப்படியா? கோட்டை மெசினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், பிழை கண்டால் ஒரு நொடியில் கத்தும். கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எழுதி வைத்த டெஸ்ட் சிவப்பாகும். ஆகவே வயலின் மாணவருக்குத் தேவைப்படும் அளவுக்கு ஆரம்பத்தில் உங்களுக்கு ஆசிரியர் தேவையில்லை. உலகத்தில் இத்தனை பேர் தானாகவே கோடிங் பழக, இத்தனை பேர் தானாகவே வயலின் பழகாததற்கு இது ஒரு காரணம் என்பது என் கட்சி.

ஆனால் மெசினுக்குத் தெரிவது ஓடுகிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

கம்பைலர் சொல்லாத எதை ஒரு மனிதர் சொல்லிவிடப் போகிறார்?

என் கதையைச் சொல்கிறேன். தனியே வேலை செய்த காலத்தில் ஒரு ரியூசன் நிலையத்துக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் சிஸ்டம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை வராவிட்டால் பெற்றோருக்குச் செய்தி போகும். ஒரு எஸ்.எம்.எஸ். 160 எழுத்து என்று எங்கோ படித்திருந்தேன். அதற்கு மேல் போனால் அனுப்பாதபடி ஒரு தடையும் வைத்தேன். ஆங்கிலத்தில் சோதித்தேன், எல்லாம் சரி. பிறகு அவர்கள் செய்தியைத் தமிழில் மாற்றினார்கள். மாத முடிவில் பில் மூன்று மடங்கு.

ஒரே செய்தியை மூன்று தரம் அனுப்புகிறது என்று முடிவுகட்டினேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதியை, லூப்பை, பார்த்தேன். செய்திகள் காத்திருக்கும் வரிசையை முழுவதும் திருப்பி எழுதினேன். பெற்றோர் சிலருக்குப் போன் போட்டு எத்தனை மெசேஜ் வந்தது என்றுகூடக் கேட்டேன். எல்லோரும் ஒன்று என்றார்கள். மூன்று கிழமை. கடைசியில் ஒரு சிநேகிதனின் அண்ணன், கொழும்பில் தொலைத்தொடர்பு வேலை, போனில் கிடைத்தார். நான் லூப், வரிசை என்று விளக்கிக்கொண்டு போக இடையில் வெட்டி, "தம்பி, மெசேஜ் தமிழிலயோ போகுது?" என்றார்.

அவ்வளவுதான். 160 என்பது ஆங்கில எழுத்துக்குத்தான். தமிழ் எழுத்து யூனிகோட் என்ற குறியீட்டு முறையில் போவதால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 70 குறியீடு. நீளமான செய்தியைத் துண்டாக்கி அனுப்பினால் ஒட்டவைக்கும் தகவலுக்கும் இடம் வேண்டும் என்பதால் துண்டுக்கு 67. என் செய்தி 140க்குப் பக்கம். 67 ஐ இரண்டால் பெருக்கினால் 134, மிச்சத்துக்கு மூன்றாவது துண்டு. போன் மூன்றையும் ஒட்டி ஒரே செய்தியாகக் காட்டிவிடும், பில் மட்டும் மூன்றாக வரும். என் கோட்டில் கம்பைலர் பிடிக்கும் பிழை ஒன்றும் இருக்கவில்லை. கூகுளில் தேடியிருக்கலாமே என்பீர்கள். எதைத் தேடுவது? நான் தேடிக்கொண்டிருந்தது "ஒரே செய்தி மூன்று தரம் போகிறது" என்பதை.

அதே சிஸ்டத்தில் இன்னொரு சங்கதி. ஊர்ப் பெயருக்கான பெட்டியில் 20 இடம் விட்டிருந்தேன். திருகோணமலை என்பதை நாங்கள் எண்ணினால் ஆறு எழுத்து: தி, ரு, கோ, ண, ம, லை. யூனிகோடில் குறிகளும் தனித்தனி என்பதால் பத்துக் குறியீடு. யூ.டி.எஃப்-8 என்ற முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 30. நான் விட்ட 20 பைட்டில் என்ன மிஞ்சும் தெரியுமா? "திருகோ", பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. நிலையத்துப் பிள்ளைகள் எல்லோருடைய முகவரியும் ஒரு கிழமைக்கு அப்படி இருந்தது.

இப்போது யார் தமிழ்ப் பெயர் சேமிக்கும் கோட்டைக் காட்டினாலும் என் கண் அந்த இடத்துக்குத்தான் முதலில் போகும். மென்டர் என்பவரிடம் இருப்பது பெரும்பாலும் இவ்வகை அடிபட்ட கண்.

எந்தக் கட்டத்தில் ஆள் தேவை?

முதல் ஒரு வருடம் தேவையில்லை. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற ஆரம்பப் பாடநெறி இணையத்தில் சும்மா கிடக்கிறது, காசில்லை. பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ ஒரு நிரல் மொழியைப் பிடித்து மாற்றாமல் ஓடுங்கள். அந்தக் காலத்தில் உங்களுக்கு வேண்டியது கூடப் படிக்கிற இன்னொருவர், கைவிடாமல் இருப்பதற்காக.

ஆபத்தான இடம் இரண்டாம் வருடத்துக்கும் ஐந்தாம் வருடத்துக்கும் நடுவில். எதைக் கேட்டாலும் ஓடுகிற மாதிரி எழுதத் தெரியும். வாடிக்கையாளர் சந்தோசம். வளர்ச்சி நின்றுபோனது உங்களுக்குத் தெரியாது. நான் நின்ற இடம் அது. ஒரே வருட அனுபவத்தை ஆறு தரம் திருப்பி அனுபவித்தேன். இந்தக் கட்டத்தில் உங்களைவிட நாலு வருடம் முன்னால் போன ஒருவர் மாதம் ஒரு மணித்தியாலம் கோட்டைப் பார்த்தாலே கதை மாறும்.

அதற்குப் பிறகு மென்டர் என்ற சொல் பொருந்தாது. சக ஆட்கள்தான்.

பக்கத்தில் இருந்து பார்ப்பதால் என்ன பெரிய லாபம்? வீடியோவிலும் பார்க்கலாமே?

வீடியோவில் பிழையை வெட்டிவிடுவார்கள். கற்க வேண்டியது அந்த வெட்டப்பட்ட பகுதியில்தான் இருக்கிறது.

போட் எஞ்சின் திருத்துகிற கராஜில் வேலை பழகும் பொடியனைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான், எண்ணெய் துடைப்பான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு பாஸ் முகத்தைச் சுளிக்கும் இடத்தைக் கவனித்துக் கவனித்தே தொழில் ஏறும். பாஸிடம் போய் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

நான் முதல் தரம் ஒரு நல்ல ஆள் பிழை தேடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது, அவர் கீபோர்டில் கையே வைக்கவில்லை. பிழைச் செய்தியை முழுவதும், கடைசி வரி வரை வாசித்தார். நான் அதுவரை முதல் வரியைத் தாண்டியதில்லை. பிறகு "இது கடைசியா எப்ப சரியா ஓடினது?" என்று கேட்டார். நேற்று சரியாக ஓடிய பதிப்புக்கும் இன்றையதுக்கும் நடுவில் ஒன்றை எடுத்து ஓட்டினார். சரி என்றால் பிழை பிந்திய பாதியில், இல்லையென்றால் முந்திய பாதியில். திருப்பியும் பாதி. ஆயிரம் மாற்றம் இருந்தாலும் பத்துத் தரத்தில் பிழையான மாற்றம் அகப்படும். கோட்டின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் (git) என்ற கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை என் முறை, சந்தேகம் வந்த இடத்தில் எல்லாம் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு பிளேன் டீ குடிப்பது.

திருகோணமலையில் அப்படி யாரைத் தேடுவது? எல்லோரும் கொழும்பில் அல்லவா?

உண்மைதான், கம்பனிகள் 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன. இரவு ரயிலில் போய் ஒரு ஆளைச் சந்தித்துவிட்டு வரும் தூரம் இல்லை. ஆனால் கோட் வாசிக்க ரயில் ஏற வேண்டியதில்லை.

முதலில் ஊரைப் பாருங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது, கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறார்கள். கம்பஸ் பிள்ளைகள் இறுதி வருடத்தில் செய்கிற புரொஜெக்ட்டுகளைப் போய்ப் பாருங்கள், பேசுங்கள். ஊரில் இருந்தபடி வெளிநாட்டுக்கு வேலை செய்கிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். உவர்மலையில் ஒருவர், உப்புவெளியில் ஒருவர் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள். கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் அக்கம்பக்கத்தவர்கள் அவர்களை "வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற பொடியன்" என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது, திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் கோட்டைப் பார்த்துத் திருத்தி அனுப்பக்கூடியது. நான் அதிகம் நம்புவது இதைத்தான். எங்கள் நாட்டுக்கு இதில் நல்ல பெயர் உண்டு. 2004 சுனாமி எங்கள் கரையையும் அடித்துக்கொண்டு போன பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவதற்கு சஹானா என்ற மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள்தான் அவசரமாக எழுதினார்கள். பிறகு அது வேறு நாடுகளின் அனர்த்தங்களுக்கும் போனது. புதியவர்களைத் திறந்த மூல வேலைக்குக் கொண்டுவரும் கூகுள் சமர் ஒஃப் கோட் என்ற திட்டம் 2005 இல் தொடங்கியது. அதன் முதல் பத்து வருடத்தில் உலகத்திலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அந்தத் திட்டத்தில் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் மென்டர் ஒருவரை அவர்களே தருவார்கள், உதவித்தொகையும் உண்டு. 2022 இல் இருந்து பல்கலைக்கழக மாணவராக இருக்க வேண்டும் என்பதில்லை, 18 வயது தாண்டிய புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

அவ்வளவு பெரிதாகத் தொடங்கப் பயமாக இருந்தால் சின்னதாகத் தொடங்குங்கள். ஓபன்-தமிழ் என்று ஒரு பைத்தான் நூலகம் (மற்றவர்கள் எடுத்துப் பாவிக்க எழுதி வைத்த கோட் தொகுப்பு) இருக்கிறது, நான் மேலே அழுத எழுத்து எண்ணும் பிரச்சினை உட்படத் தமிழுக்கான வேலைகளைச் செய்யும். அப்படி ஒன்றின் விளக்கக் குறிப்பில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்புங்கள். உங்கள் மாற்றத்தைப் பார்த்துவிட்டு முகம் தெரியாத ஒருவர் "இந்த வரி எதற்கு?" என்று கேட்பார். உங்களுக்குக் கிடைத்த முதல் மென்டர் அவர்தான், அவருக்கே அது தெரியாது.

எக்ஸர்சிசம் என்ற தளமும் இருக்கிறது. சிறு பயிற்சிகளைச் செய்து போட்டால் தொண்டர்கள் வாசித்துக் கருத்துச் சொல்வார்கள். இலவசம்.

மூன்றாவது, உங்கள் பக்கத்தில் இருக்கும் ஆள். இதை யாரும் மதிப்பதில்லை, அதனால் ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் கிண்ணியாத் தம்பி நிலாவெளி விடுதி ஒன்றுக்கு அறை பதியும் சிஸ்டம் எழுதினான். சீசன் நேரம் ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது. அவனுடைய சோதனை: புதிதாக வருகிறவரின் வரும் நாள் ஏற்கனவே உள்ள பதிவுக்குள் விழுகிறதா, போகும் நாள் விழுகிறதா? இரண்டும் இல்லையென்றால் அறை உண்டு. நான் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது, தலையாட்டினேன். நாலு மாதத்துக்கு முன் கோடிங் தொடங்கிய ஒரு பிள்ளை, தங்கச்சி மாதிரி, மூலையில் இருந்து கேட்டாள்: "அண்ணா, பன்ரெண்டாந் திகதில இருந்து பதினாலு வரைக்கும் ஒராள் இருக்கிறார். நான் பத்தாந் திகதி வந்து இருபதாந் திகதி போறன் எண்டா?"

பத்தும் உள்ளே விழாது, இருபதும் உள்ளே விழாது. அறை உண்டு என்று சொல்லிவிடும்! புதியவரின் வரும் நாள் பழையவர் போகும் நாளுக்கு முன், பழையவரின் வரும் நாள் புதியவர் போகும் நாளுக்கு முன், இரண்டும் உண்மை என்றால் மோதல். ஒரே வரியில் முடிகிற சோதனை. 14 வருட அனுபவம் தலையாட்டிய இடத்தில் நாலு மாதம் பிடித்தது. அவளுக்கு அந்தக் கோட்டின் மேல் நம்பிக்கை இல்லாததுதான் அவளுடைய பலம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நேரம்கூட இந்த வாசிப்பை விடவில்லை. கரண்ட் இருக்கும் நேரம் கோட்டைப் பழைய பாஸ்ட் பேப்பர்களின் பின்பக்கத்தில் அச்சடித்து வைத்துக்கொள்வோம், பேப்பருக்கும் தட்டுப்பாடு. வெட்டின பிறகு விறாந்தையில் பென்சிலோடு உட்கார்ந்துவிடுவோம். ஓட்டிப் பார்க்க முடியாததால் வாசித்தே ஆகவேண்டும். எங்களுடைய மிக நல்ல வாசிப்புகள் அப்போது நடந்தவை.

தெரியாத ஒருவரிடம் எப்படிக் கேட்பது?

எனக்கு வருகிற மெசேஜ்களில் முக்கால்வாசி இப்படி: "ஹாய் அண்ணா, நான் கோடிங் படிக்கிறன், எனக்கு மென்டரா இருப்பீங்களா?" இதற்கு என்ன பதில் எழுதுவது? பாவமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். எவ்வளவு காலம், எத்தனை மணித்தியாலம், என்ன எதிர்பார்க்கிறார், ஒன்றும் தெரியாமல் தோளில் ஏறுகிற மாதிரி.

போன வருடம் மூதூரில் இருந்து ஒரு பிள்ளை எழுதியது வேறு மாதிரி: "அண்ணா, கடைக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். விலைகளைக் கூட்டினால் சில நேரம் கடைசியில் ஒரு சதம் பிழைக்கிறது. 0.1 உம் 0.2 உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. தசம எண்ணைக் கணினி இருமத்தில் வைப்பதால் என்று வாசித்தேன். சதமாக மாற்றி முழு எண்ணில் வைத்தால் போதுமா, வேறு வழி இருக்கிறதா? கோட் இங்கே, 40 வரி." என்ன செய்தான், எங்கே நிற்கிறான், என்ன வேண்டும், எல்லாம் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பதில் போட்டேன். சொன்னதைச் செய்துவிட்டு இரண்டு நாளில் திருத்திய கோட்டை அனுப்பினான். அந்த இரண்டாவது மெசேஜுக்குப் பிறகு அவன் என்ன கேட்டாலும் நான் தயார். இன்று வரை எங்கள் இருவருக்கும் இடையில் மென்டர் என்ற சொல் வந்ததே இல்லை.

சட்ஜிபிடி இருக்கும்போது மனிதர் எதற்கு?

வெட்கப்படுகிற கேள்விகளுக்கு அது நல்லது. இரவு இரண்டு மணிக்கு அடைப்புக்குறி எங்கே விட்டுப்போனது என்று ஒரு அண்ணனை எழுப்ப முடியாது. நானும் பாவிக்கிறேன்.

ஆனால் அது நீங்கள் கேட்டதற்கு விடை தரும். எஸ்.எம்.எஸ். கதையில் நான் "இந்த வரிசையை எப்படித் திருப்பி எழுதலாம்" என்று கேட்டிருந்தால் அழகாகத் திருப்பி எழுதித் தந்திருக்கும். "தமிழிலயோ போகுது?" என்று குறுக்கே கேட்கும் பழக்கம் அதற்குக் குறைவு. பாவிப்பதென்றால் எழுதித் தா என்று கேட்காதீர்கள். நீங்கள் எழுதியதைக் கொடுத்து, இது எப்போது உடையும் என்று கேளுங்கள். அது சொன்னதையும் ஓட்டிப் பாருங்கள், சில நேரம் அந்த நிரல் மொழியில் இல்லாத கட்டளையைத் தைரியமாகச் சொல்லும்.

காசு கட்டி மென்டர்ஷிப் கோர்ஸ் சேரலாமா?

கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி: என் கோட்டை யார், கிழமைக்கு எத்தனை தரம் வாசிப்பார்? நேரான பதில் இல்லையென்றால் அது வீடியோக் கோர்ஸ்தான், பெயர் மட்டும் வேறு. ஆறு மாதத்தில் எக்ஸ்பேர்ட் என்று போஸ்டர் அடிக்கிறவர்களை விட்டு ஓடுங்கள். கூகுளில் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த பீட்டர் நோர்விக் நிரலாக்கம் பழகப் பத்து வருடம் என்று எழுதியவர்.

பெண் பிள்ளைகள் தெரியாத ஒருவரோடு தனியே பேச வீட்டில் விடமாட்டார்களே?

விடாதது முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன். "பேர்சனலா சொல்லித் தாறன்" என்று இரவில் கோல் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல கருத்துக்கு மறைவு தேவையில்லை. கோட்டைப் பொதுவில் போடுங்கள், கருத்தும் பொதுவில் வரட்டும். குழு அழைப்பில் பேசுங்கள். தனியே வா என்று வற்புறுத்துகிறவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரர் என்றாலும் வேண்டாம். எங்கள் விறாந்தையில் அம்மாமார் சிலர் கூடவே வந்து உள்ளே என் அம்மாவோடு கதைத்துக்கொண்டு இருப்பார்கள். வேலையும் நடக்கிறது, ஊர்க் கதையும் நடக்கிறது.

இங்கிலீஷ் தெரியாமல்?

வாசிக்கத் தெரிய வேண்டும், அதில் தப்ப வழியில்லை. பேசத் தெரியாவிட்டால் பிறகு பார்க்கலாம். யோசிப்பதும் சண்டை பிடிப்பதும் தமிழிலேயே நடக்கட்டும்.

மென்டர் சொல்வது பிழை என்று பட்டால்?

ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்லாமல் "நாங்க இப்பிடித்தான் செய்யிறது" என்றால் அது அனுபவமும் இல்லை, அறிவும் இல்லை, பழக்கம். இலங்கை நேரம் என்றால் கிரீன்விச் நேரத்தோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டு என்று எனக்கு ஒரு மூத்தவர் சொன்னார். நானும் பல வருடம் அப்படியே கூட்டினேன். பழைய பதிவுகளை மாற்றும் வேலை ஒன்று வந்தபோதுதான் தெரியவந்தது, 1996 மே மாதம் நேரத்தை ஆறரைக்கு மாற்றி, அதே வருடம் ஒக்டோபரில் ஆறுக்கு இறக்கி, 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் ஐந்தரைக்கு வந்தார்கள். அந்தப் பத்து வருடப் பதிவுகளில் என் கணக்குப் பிழை. நேர வலயப் பட்டியலை நூலகம் வைத்திருக்கும், அதை நம்பு, கையால் கூட்டாதே என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் யாரோ ஐந்தரை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

எனக்கு இரண்டு வருட அனுபவம்தான். நான் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

தாராளமாக. நேற்றுத்தான் அந்தக் குழியில் விழுந்து எழும்பினவர் என்பதால் எங்கே வழுக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நினைவிருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், கோட்டை அவருக்காக நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருப்பது கஷ்டம், எனக்கு இன்னும் வராது.

ஞாயிறு வருவதாக இருந்தால் கோட்டைச் சனி இரவே அனுப்பிவிடுங்கள், 200 வரிக்கு மேல் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு. லப்டொப் இல்லாவிட்டால் அச்சடித்துக்கொண்டு வந்தாலும் சரி, பென்சில் இங்கே இருக்கிறது.